மலையில் கோய் குளம்: நம்பகமான தகவலையும் விற்பனையாளரையும் தேடிப் பிடிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானல் பக்கம் வீட்டிலோ ஹோம்ஸ்டேயிலோ கோய் என்னும் வண்ண அலங்கார மீன் வளர்க்க நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். குளம் கட்டும் விதம் இதில் வராது. யார் சொல்வதை நம்புவது, யாரிடம் வாங்குவது, எதை முதலில் செய்வது, இவ்வளவுதான். புதிதாக ஆரம்பிப்பவர்கள் பெரும்பாலும் தடுக்கி விழுவது இந்த இடத்தில்தான்.

அதற்கு ஒரே ஒரு காரணம் இருக்கிறது. நம் கைக்கு வரும் யோசனைகளும் மீன்களும் அநேகமாக 28 டிகிரி தண்ணீரிலிருந்து வருகின்றன. நம் குளமோ வருஷத்தில் பாதி நாள் 10 முதல் 18 டிகிரிக்குள் கிடக்கிறது. மருந்து, தீவனம், நோய், வடிகட்டி எல்லாமே தண்ணீரின் சூட்டைப் பொறுத்து நடந்துகொள்பவை. ஆகவே யார் எதைச் சொன்னாலும் முதலில் கேட்க வேண்டியது: "இது எத்தனை டிகிரி தண்ணீருக்கு?"

முன்கூட்டியே வாங்கி வைக்க வேண்டியவை: தண்ணீரில் முக்கும் தெர்மாமீட்டர் இரண்டு, அளக்கும் டேப், சொட்டு மருந்து வகைப் பரிசோதனை கிட் (அமோனியா, நைட்ரைட், பி.எச்., கே.எச்.), ஒரு நோட்டு, 500 லிட்டர் பிளாஸ்டிக் தொட்டி ஒன்று. மீன் இந்தப் பட்டியலில் கிடையாது. அது கடைசியில்தான் வரும்.

1. உங்கள் தண்ணீரின் சூட்டை எழுதி வையுங்கள்

குளமோ தொட்டியோ தயாரானதும் தண்ணீர் நிரப்பி, காலை 6 மணிக்கும் மதியம் 3 மணிக்கும் அளந்து எழுதுங்கள். மேலே ஒரு அளவு, அடியில் ஒரு அளவு. சில வாரங்கள் எழுதினால் போதும், உங்கள் குளத்தின் குணம் பிடிபட்டுவிடும்.

நீலகிரி முழுக்க ஒரே குளிர் கிடையாது. ஊட்டி சுமார் 2,240 மீட்டர், குன்னூர் 1,850, கூடலூர் கிட்டத்தட்ட 1,000. கூடலூரில் நன்றாக இருக்கும் குளத்தைப் பார்த்துவிட்டு ஊட்டியில் அப்படியே செய்தால் கணக்கு தப்பும். கொடைக்கானல் ஏரிப் பக்கமும் கீழ்ப்பழனியில் தாண்டிக்குடிப் பக்கமும் அதே மாதிரிதான். ஒரே ஊரில்கூட உறைபனி விழும் பள்ளமும் வெயில் படும் சரிவும் வேறு வேறு.

இந்தக் குளிரில் கோய் பிழைக்குமா என்ற பயம் வேண்டாம். கோய் ஒரு கெண்டை வகை. அதன் உறவுக்காரனான சாதாக் கெண்டையை 1939-லேயே இலங்கையிலிருந்து கொண்டுவந்து நீலகிரியில் விட்டார்கள். மீனை நிஜமாகவே அடிப்பது சமவெளியின் சூட்டிலிருந்து ஒரே நாளில் இந்தக் குளிருக்கு மாறுவதும், குளிரில் சூடான ஊர் முறையில் பராமரிப்பதும்தான்.

2. கொள்ளளவும் தண்ணீரின் தன்மையும்

நீளம், அகலம், ஆழம் மூன்றையும் மீட்டரில் பெருக்கி 1,000-ஆல் பெருக்கினால் லிட்டர் வந்துவிடும். அடிக்கணக்கில் அளந்தால் மூன்றையும் பெருக்கி வருவதை 28.3-ஆல் பெருக்குங்கள். இந்த எண் தெரியாமல் மருந்துக் கடைக்குப் போகாதீர்கள். "ஒரு மூடி ஊத்துங்க" என்று சொல்பவர் எந்த அளவுக் குளத்தை மனதில் வைத்துச் சொல்கிறார் என்பது அவருக்கே தெரியாது.

அடுத்தது கே.எச்., அதாவது தண்ணீரின் காரத்தன்மை. மலையின் ஊற்றுத் தண்ணீரும் மழைத் தண்ணீரும் பெரும்பாலும் மென்மையானவை, கே.எச். குறைந்தவை. வடிகட்டியில் வாழும் நுண்ணுயிர்கள் மீன் கழிவிலிருந்து வரும் அமோனியாவை முதலில் நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும்போது இந்தக் காரத்தன்மையைச் செலவழித்துக்கொண்டே இருக்கும். அது தீர்ந்த அன்று பி.எச். ராத்திரியோடு ராத்திரியாகச் சரிந்துவிடும். தென்மேற்குப் பருவமழையில் குளம் வழியும் வாரங்களில் இது அடிக்கடி நடக்கும். சமையல் சோடா 1,000 லிட்டருக்கு 30 கிராம் போட்டால் கே.எச். ஒரு டிகிரி ஏறும். ஒரேயடியாகக் கொட்டாமல் இரண்டு மூன்று நாளில் பிரித்துப் போடுங்கள். ஒரு துணிப்பையில் சிப்பி ஓடு கட்டி வடிகட்டிக்குள் போட்டு வைப்பதும் நல்லது.

தண்ணீரில் கரைந்த உப்புகளை அளக்கும் டி.டி.எஸ். மீட்டரைக் காட்டி "தண்ணி சூப்பரா இருக்கு" என்று சொல்லும் கடைக்காரர்கள் உண்டு. அந்த மீட்டர் அமோனியாவைக் காட்டாது, நைட்ரைட்டையும் காட்டாது. அந்த எண்ணை வைத்து ஒரு முடிவும் எடுக்காதீர்கள்.

நகராட்சித் தண்ணீர் என்றால் குளோரின் இருக்கும். ஆன்டி குளோரின் கையில் இருக்கட்டும். தேயிலைத் தோட்டத்துக்கோ காய்கறித் தோட்டத்துக்கோ கீழே இருப்பவர்கள் இன்னொன்றையும் விசாரிக்க வேண்டும். மழைக்காலத்தில் தேயிலையின் கொப்புள நோய்க்குத் தாமிர மருந்து தெளிப்பார்கள். மென்மையான தண்ணீரில் தாமிரத்தின் விஷம் மீனுக்கு இன்னும் கடுமையாக ஏறும். மேட்டிலிருந்து வழியும் நீர் குளத்துக்குள் வராதபடி வாய்க்கால் திருப்பிவிட்ட பிறகுதான் மற்ற வேலை.

3. ஒரு யோசனையைச் சலித்துப் பார்ப்பது

வீடியோவில் பார்த்தாலும் சரி, கடைக்காரர் சொன்னாலும் சரி, பக்கத்து எஸ்டேட் நண்பர் சொன்னாலும் சரி, நான்கு விஷயங்களைத் தேடுங்கள்.

முதலாவது, வெப்பநிலை சொல்லப்பட்டிருக்கிறதா. ஒட்டுண்ணியால் மீனுக்கு வரும் வெள்ளைப்புள்ளி நோயை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ஒட்டுண்ணியின் வாழ்க்கைச் சுற்று 25 டிகிரியில் ஒரு வாரத்துக்குள் முடிந்துவிடும். 10 டிகிரியில் அதற்கு மாதத்துக்கு மேல் ஆகும். மருந்து வேலை செய்வது அது தண்ணீரில் நீந்தித் திரியும் கட்டத்தில் மட்டும்தான். சென்னைக்காரர் சொல்லும் "மூணு நாள் மருந்து, சரியாயிடும்" சென்னையில் ஏறக்குறைய சரி. கொடைக்கானலில் மூன்றாம் நாள் நிறுத்தினால் நோய் மறைந்த மாதிரி இருந்து திரும்ப வரும். மருந்து போலி என்று கடைக்காரரோடு சண்டைக்குப் போனவர்களைப் பார்த்திருக்கிறேன். மருந்து நல்ல மருந்துதான், காலக்கெடுதான் வேறு ஊருடையது.

இரண்டாவது, அளவு எண்ணாகச் சொல்லப்பட்டிருக்கிறதா. "கொஞ்சம் உப்பு" யாருக்கும் உதவாது. "1,000 லிட்டருக்கு 3 கிலோ கல்லுப்பு, அதாவது 0.3 சதவீதம்" என்று சொன்னால் நீங்களே சரிபார்க்கலாம்.

மூன்றாவது, "ஏன்" என்று கேட்டால் பதில் வருகிறதா. அனுபவம் உள்ளவருக்குக் காரணம் தெரிந்திருக்கும். "எல்லாரும் அப்படித்தான் செய்றாங்க" என்று முடித்தால், அவருக்கும் யாரோ சொன்னதுதான் அது.

நான்காவது, சொல்பவரே அந்தப் பொருளை விற்கிறாரா. விற்பதில் தப்பு எதுவும் இல்லை. அந்த ஒரு யோசனையை மட்டும் விற்காத ஒருவரிடம் இன்னொரு தரம் கேட்டுக்கொள்ளுங்கள்.

வெளிநாட்டுத் தகவலில் இங்கிலாந்துக்காரர்கள் எழுதியது நமக்கு ஓரளவு ஒத்துவரும். அவர்களுடைய வசந்தகாலத் தண்ணீர் நம் பனிக்கால, மழைக்காலத் தண்ணீருக்குக் கிட்டத்தில் நிற்கும். ஆனால் அவர்கள் குளிர்காலம் முழுக்கத் தீவனத்தை நிறுத்திவிடுவார்கள். நமக்கு ஜனவரியில்கூட மதியம் தண்ணீர் ஏறிவிடும். மாதப் பெயரை விட்டுவிட்டு டிகிரியைப் பிடித்துக்கொள்ளுங்கள்: 10-க்குக் கீழே தீவனம் வேண்டாம், 10 முதல் 15 வரை கோதுமை முளை கலந்த தீவனம் கொஞ்சமாக, அதற்கு மேல் வழக்கமானது.

4. யாரிடம் கேட்பது

முதலிடம், உங்கள் உயரத்திலேயே இரண்டு மூன்று பனிக்காலம் மீனை உயிரோடு கடத்தியவருக்கு. பழைய எஸ்டேட் பங்களாக்கள், கான்வென்ட்கள், சில ஹோட்டல்கள் ஆகியவற்றில் குளம் இருக்கும். முதலாளியை விட்டுவிட்டு அதைப் பார்த்துக்கொள்ளும் தோட்டக்காரரைத் தேடுங்கள். "அண்ணே, பனி மாசத்துல எத்தனை மீன் செத்துச்சு? எப்ப தீவனத்தை நிறுத்துவீங்க?" என்று நேராகக் கேட்டால் சொல்வார். ஒரு வருஷமே ஆன குளத்தை முன்மாதிரியாக எடுக்காதீர்கள். முதல் வருஷம் மீன் சின்னதாக இருக்கும்போது வடிகட்டியின் குறை வெளியே தெரியாது.

இரண்டாவது, மாவட்ட மீன்வளத் துறை அலுவலகம். நாகப்பட்டினத்தைத் தலைமையிடமாகக் கொண்ட தமிழ்நாடு டாக்டர் ஜெ. ஜெயலலிதா மீன்வளப் பல்கலைக்கழகமும், அதன் கீழுள்ள தூத்துக்குடி, பொன்னேரிக் கல்லூரிகளும் நோய் பற்றிய கேள்விக்குச் சரியான இடம். குளிர்நீர்க் கெண்டை வளர்ப்புக்கு உத்தராகண்டின் பீம்தாலில் இருக்கும் மத்திய அரசின் குளிர்நீர் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் வெளியிடுபவை நம் நிலைமைக்கு நெருக்கமானவை.

இங்கே ஒரு எச்சரிக்கை. மீன்வளத் துறையில் நீங்கள் அதிகம் கேட்பது உணவு மீன் வளர்ப்பு யோசனையாக இருக்கும். குளத்தில் சாணம் போட்டுத் தண்ணீரைப் பச்சையாக்குவது அந்த வேலைக்குச் சரி. வடிகட்டி வைத்த கோய் குளத்தில் அதே சாணம் அமோனியாவை ஏற்றிவிடும். "அலங்கார மீனுக்கு, வடிகட்டி உள்ள குளத்துக்கு" என்று சொல்லிவிட்டுக் கேள்வியைத் தொடங்குங்கள்.

5. மீனுக்கு முன்னால் உபகரணம்

வடிகட்டியில் நுண்ணுயிர்கள் குடியேற 25 டிகிரியில் நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். குளிர்ந்த தண்ணீரில் இரண்டு மூன்று மாதம்கூட இழுக்கும். அதனால்தான் உபகரணக் கடைக்கு முதலில் போகச் சொல்கிறேன். மீன் இல்லாமலே வடிகட்டியைப் பழக்க, சுத்தமான அமோனியம் குளோரைடு 1,000 லிட்டருக்கு 4 கிராம் போட்டு ஓடவிடுங்கள். அமோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யத்துக்கு வந்ததும் திரும்பப் போடுங்கள். போட்ட மறுநாளே இரண்டும் பூஜ்யமானால் வடிகட்டி தயார்.

பம்புக்குக் கோவைக்குத்தான் எல்லோரும் போகிறார்கள். நல்ல பம்புகள் அங்கே உண்டு, ஆனால் "தண்ணி ஏத்த" என்று கேட்டால் கிணற்றுத் தண்ணீர் இறைக்கும் மோனோபிளாக் மோட்டாரைக் கையில் கொடுத்துவிடுவார்கள். அரை எச்.பி. மோட்டார் 24 மணி நேரம் ஓடினால் ஒரு நாளைக்குக் குறைந்தது 9 யூனிட், இரண்டு மாத பில்லில் 540 யூனிட். 80 வாட் சுழற்சிப் பம்பு என்றால் 115 யூனிட்டோடு முடிந்துவிடும். பெட்டியில் போட்டிருக்கும் லிட்டர் கணக்கு, தண்ணீரைக் கொஞ்சமும் மேலே ஏற்றாதபோது வருவது. "நாலு அடி ஏத்தினா மணிக்கு எவ்வளவு வரும்?" என்று கேளுங்கள். அட்டவணையை எடுத்துக் காட்டும் கடைக்காரரிடம் வாங்குங்கள்.

தீவனத்தில் தயாரிப்புத் தேதி பாருங்கள். பெரிய மூட்டையைப் பிரித்து ஜிப் கவரில் போட்டு விற்பதை வாங்க வேண்டாம். ஜூன், ஜூலை ஈரத்தில் பிரித்த தீவனம் சீக்கிரம் பூசணம் பிடிக்கும். மலிவாகக் கிடைக்கிறது என்று 10 கிலோ வாங்குவதைவிட ஒரு மாதத்துக்கு வேண்டியதை மட்டும் வாங்குவது லாபம். பரிசோதனை கிட்டுக்கும் காலாவதித் தேதி உண்டு.

குளம் வெட்ட ஜே.சி.பி. கொண்டுவருவதற்கு மலையில் அனுமதி தேவைப்படும். "அதெல்லாம் பாத்துக்கலாம் சார்" என்று சொல்லும் ஒப்பந்தக்காரரை அப்போதே விட்டுவிடுங்கள்.

6. மீன் விற்பவரைப் பார்க்கப் போவது

சென்னை கொளத்தூரில் அலங்கார மீன் வியாபாரம் பெரிய அளவில் நடக்கிறது. மலைக்காரர்களுக்குக் கோவையும் மதுரையும் பக்கம். எங்கே போனாலும் முதல் தடவை பணம் எடுத்துக்கொண்டு போகாதீர்கள். பார்த்துவிட்டு வருவதற்காக மட்டும் போங்கள்.

போனதும் மீனைப் பார்ப்பதற்கு முன்னால் வலையைப் பாருங்கள். ஒரே வலையை எல்லாத் தொட்டியிலும் விடுகிறாரா, தொட்டிகளெல்லாம் ஒரே தண்ணீரில் இணைந்திருக்கின்றனவா? அப்படியானால் ஒரு தொட்டியின் நோய் எல்லாத் தொட்டிக்கும் சொந்தம். அப்புறம் கேளுங்கள்:

"இந்த லாட் எப்ப வந்துச்சுண்ணே? எங்கேருந்து? வந்ததுக்கப்புறம் தனியா எத்தனை நாள் வச்சிருந்தீங்க? தண்ணி எத்தனை டிகிரி? உப்பு போட்டிருக்கா?"

உப்பைப் பற்றிய கேள்விக்குக் காரணம் உண்டு. உப்புத் தண்ணீரில் பல ஒட்டுண்ணிகள் அடங்கிக் கிடக்கும், உங்கள் நல்ல தண்ணீருக்கு வந்ததும் தலை தூக்கும். "நேத்துதான் வந்துச்சு, புது சரக்கு" என்று பெருமையாகச் சொன்னால் அன்று வாங்காதீர்கள். நேற்று வந்த மீனின் உடம்பு அவருக்கே இன்னும் தெரியாது. மூன்று வாரம் கழித்து அதே தொட்டி எப்படி இருக்கிறதென்று போய்ப் பாருங்கள்.

மீனில் பார்க்க வேண்டியது: துடுப்பை ஒடுக்கிக்கொண்டு நிற்கிறதா, மூலையில் தனியாக ஒதுங்குகிறதா, தண்ணீர் விழும் இடத்தில் வாயைத் திறந்து நிற்கிறதா, உடம்பைத் தேய்த்துக்கொள்கிறதா, கண் குழி விழுந்திருக்கிறதா. மீன் பேனும் ஆங்கர் புழுவும் கண்ணுக்கே தெரியும். ஒரு மீனைப் பாத்திரத்தில் எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். முகம் சுளிக்காமல் எடுத்துக் காட்டுபவரிடம் மேற்கொண்டு பேசலாம்.

"ஒரிஜினல் ஜப்பான்" என்று சொல்லி விலையை ஏற்றினால் தாள் கேளுங்கள். வெளிநாட்டிலிருந்து உயிர் மீன் கொண்டுவர மத்திய அரசின் இறக்குமதி அனுமதி வேண்டும். முறையாகக் கொண்டுவந்தவரிடம் அந்தக் காகிதம் இருக்கும். இல்லையென்றால் உள்ளூர்க் குஞ்சு என்று கணக்கு வைத்து, உள்ளூர் விலை பேசுங்கள். நம் ஊர்ப் பண்ணையில் பிறந்த மீன் ஆரோக்கியமாக இருந்தால் தாராளமாகப் போதும். சின்னக் குஞ்சின் நிறம் வளர வளர மாறும் என்பதால், முதல் மீனுக்கே கோஹாகு, ஷோவா என்று ரகப் பெயர் பார்த்துப் பெரும் பணம் போட வேண்டியதும் இல்லை.

7. மலையேற்றுவது

வாங்கும் நாளுக்கு இரண்டு நாள் முன்னாலிருந்து தீவனம் போடாமல் வைக்கச் சொல்லுங்கள். வயிறு காலியாக இருந்தால் பையில் அமோனியா குறையும்.

சமவெளிக் கடைக்காரர் பலருக்குத் தெரியாத ஒன்று: மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு ஏறும்போது வெளிக் காற்றழுத்தம் குறைவதால் பையிலுள்ள வாயு ஏறக்குறைய கால் பங்கு விரியும். வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானல் ஏறினாலும் இதேதான். வழக்கம் போலக் கல்லாக இறுக்கிக் கட்டிய பை கொண்டை ஊசி வளைவில் வெடிக்கலாம், அல்லது முடிச்சில் கசியலாம். "ஆக்சிஜனைக் கொஞ்சம் தளர்வா அடிங்க, ரெட்டைப் பை போடுங்க" என்று நின்று செய்து வாங்குங்கள். தெர்மாகோல் பெட்டிக்குள் வைத்து இருட்டாக மூடுங்கள். வெளியூர் வண்டி என்றால் இ-பாஸை முன்னாலேயே எடுத்துவிடச் சொல்லுங்கள். சோதனைச்சாவடியில் மீன் காத்திருக்கக் கூடாது.

8. தனிமைத் தொட்டி

புது மீனைக் குளத்தில் விடுமுன் தனியாக வைத்துக் கவனிக்கும் படி இது. பல குளங்கள் அழிந்தது இந்தப் படியைத் தாண்டிக் குதித்ததால்தான். அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கோய் ஹெர்பிஸ் வைரஸுக்கு மருந்து கிடையாது. வந்தால் குளத்தில் பெரும்பாலான மீன் போய்விடும். தண்ணீர் சுமார் 16 முதல் 28 டிகிரிக்குள் இருக்கும்போதுதான் அது நோயாக வெளிப்படும். அதற்குக் கீழே மீன் கிருமியைச் சுமந்துகொண்டு ஆரோக்கியமாகவே தெரியும். டிசம்பரில் வாங்கி 12 டிகிரித் தண்ணீரில் ஒரு மாதம் தனியாக வைத்து, "ஒன்றும் இல்லை" என்று குளத்தில் விட்டவருக்கு ஏப்ரலில் தண்ணீர் சூடேறும்போது மொத்தமாகச் சாவு விழலாம். குளிரில் வைத்த தனிமை, தனிமையாகாது.

ஆகவே 500 லிட்டர் தொட்டியை வீட்டுக்குள் வையுங்கள், மூடி போடுங்கள், 300 வாட் ஹீட்டர் இரண்டு, பழக்கிய சிறு வடிகட்டி ஒன்று. முதலில் கடைக்காரரின் தண்ணீர்ச் சூட்டுக்கே கொண்டுவந்து வையுங்கள். பையைத் திறக்காமல் மிதக்கவிட்டு, சூடு சமமானதும் திறந்து மீனை மட்டும் உடனே தொட்டிக்கு மாற்றுங்கள். பைத் தண்ணீரைத் தொட்டியில் ஊற்றாதீர்கள். பையைத் திறந்து வைத்துக்கொண்டு மெதுவாகத் தண்ணீர் கலக்கும் பழக்கம் நீண்ட பயணம் வந்த மீனுக்கு ஆகாது. திறந்ததும் கரியமில வாயு வெளியேறி பி.எச். ஏறும், அதுவரை அடங்கியிருந்த அமோனியா விஷமாக மாறும்.

பிறகு 22 முதல் 24 டிகிரியில் குறைந்தது நான்கு வாரம். காற்றுப் பம்பை இரட்டிப்பாக்குங்கள். ஊட்டி உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிடக் கால் பங்கு குறைவு, சூடேற்றிய தண்ணீரிலோ ஆக்சிஜன் இன்னும் குறையும். மழைக்காலத்து மின்வெட்டுக்கு இன்வெர்ட்டரில் காற்றுப் பம்பையாவது இணையுங்கள். குளத்தில் ஏற்கெனவே மீன் இருந்தால், கடைசி இரண்டு வாரம் அதில் ஒன்றை இவற்றோடு விடுங்கள். கிருமி இருந்தால் பெரிய குளத்துக்குப் போகாமல் அந்த ஒன்றோடு தெரிந்துவிடும்.

தூக்க நோய் என்று இன்னொன்று உண்டு, இதுவும் வைரஸ்தான். மீன் அடியில் சாய்ந்து படுத்துக்கிடக்கும், தட்டினால் கொஞ்சம் நீந்திவிட்டுத் திரும்பப் படுத்துவிடும். கேரளத்துக் கோய்களில் இது பதிவாகியிருக்கிறது. ஹெர்பிஸைவிடக் குறைந்த சூட்டிலும் வரும் என்பதால் மலைக்காரர்கள் கவனிக்க வேண்டும். 0.5 சதவீத உப்பு இதற்குக் கை கொடுக்கும்.

எல்லாம் சரியென்றால் ஹீட்டரை நாளுக்கு ஒரு டிகிரி, அதிகம் போனால் இரண்டு டிகிரி இறக்கி, குளத்தின் சூட்டோடு சமமானதும் மாற்றுங்கள். இதற்கு ஏற்ற காலம்: பிப்ரவரிக்கு முன்பே வடிகட்டி ஓடத் தொடங்க வேண்டும், மார்ச் நடுவில் மீன் வாங்க வேண்டும், ஏப்ரல் கடைசியில் குளத்தில் விட வேண்டும். மழைக்குள் மீன் பழகிவிடும். விடுவதற்கு முன் வலை கட்டியாயிற்றா என்று பாருங்கள். கொக்கும் மீன்கொத்தியும் வரும், ஓடைப் பக்கம் என்றால் நீர்நாயும் வரும்.

9. மீன் படுத்துவிட்டால் யாரிடம், எதை எடுத்துக்கொண்டு போவது

நோய்க்குப் படம் மட்டும் அனுப்பி மருந்து கேட்பதுதான் இப்போது வழக்கமாகிவிட்டது. படத்தோடு இவற்றையும் எழுதுங்கள்: கொள்ளளவு, அன்றைய சூடு, அதற்கு முந்தைய வாரத்துச் சூடு, அமோனியா, நைட்ரைட், பி.எச்., கே.எச்., கடைசியாக எப்போது புது மீன் சேர்த்தீர்கள், என்ன போட்டீர்கள். இவற்றைக் கேட்காமலே மருந்துப் பெயரைச் சொல்பவரின் யோசனையைத் தள்ளி வையுங்கள். பாதி நேரம் தண்ணீரைக் கால் பங்கு மாற்றுவதே முதல் மருந்தாக இருக்கும்.

ஒன்றுக்கு மேல் மீன் செத்தால் ஆய்வகம்தான். மீன்வளப் பல்கலைக்கழகத்துக்குச் சென்னை மாதவரத்தில் நீர்வாழ் உயிரின நல ஆய்வகம் உண்டு. அனுப்புவதற்கு முன் பேசி, மாதிரியை எப்படிக் கட்ட வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். சாகும் தறுவாயில் உள்ள மீன்தான் ஆய்வுக்கு ஏற்றது. செத்துக் கிடந்து ஊறியதில் ஒன்றும் தெரியாது. உடனே அனுப்ப முடியாவிட்டால் பையில் போட்டு ஐஸ் மேல் வையுங்கள், ஃப்ரீசரில் வைக்காதீர்கள். முடிவு வரும் வரை அந்தக் குளத்திலிருந்து மீனையோ தண்ணீரையோ செடியையோ யாருக்கும் கொடுக்க வேண்டாம், ஓடையிலும் விட வேண்டாம். மீன் கொடுத்தவருக்கும் முடிவைத் தெரிவியுங்கள். அவர் தொட்டியிலிருந்து வேறு யாராவது அதே வாரம் வாங்கிப் போயிருப்பார்கள்.